தெரிந்திருந்தும் கை கழுவ முடியாதது ஏன்?

(கர்நாடக மாநிலத்தில் பயிலும் தமிழ் மருத்துவ, செவிலியர் மாணவர்களுக்காக மேல்கோட்டையில் நடைபெற்ற பயிற்சி முகாமின் நிறைவு நாளில், ஓய்வுபெற்ற அரசு மருத்துவர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்.)



மேடைக்கு வந்ததும் உங்களிடம் இரண்டு கேள்விகள் கேட்டேன். நோயாளியைத் தொடுவதற்கு முன் கையைத் தூய்மை செய்ய வேண்டும் என்பது யாருக்கெல்லாம் தெரியும் என்றேன். எல்லாக் கைகளும் உயர்ந்தன. கடைசியாக வார்டில் பணியாற்றிய நாளன்று ஒவ்வொரு நோயாளிக்கும் முன்பாக அப்படிச் செய்தவர்கள் யார் என்றேன். உயர்ந்த கைகளை ஒரே பார்வையில் எண்ணிவிட முடிந்தது. கை உயர்த்தாதவர்களை நான் குறை கூறப் போவதில்லை. உங்கள் வயதில் நானும் உயர்த்தியிருக்க மாட்டேன். இந்த இரண்டு விடைகளுக்கும் இடையில் இருக்கும் தூரத்தைப் பற்றித்தான் இன்று பேச விரும்புகிறேன்.

நம் நாட்டு மருத்துவக் கல்லூரிகளில் மாணவர்களிடையே தொற்றுக் கட்டுப்பாடு பற்றிப் பல ஆய்வுகள் நடந்துள்ளன. ஊர் மாறலாம், ஆண்டு மாறலாம்; ஆய்வுகள் காட்டும் படம் பெரும்பாலும் ஒன்றே. மாணவர்களின் அறிவு ஓரளவு நன்றாக இருக்கிறது. நடைமுறை அதற்கு வெகுவாகப் பின்தங்கியிருக்கிறது. இதைக் கண்டதும் நிர்வாகங்கள் பரிந்துரைக்கும் மருந்தும் ஒன்றே: இன்னொரு வகுப்பு, இன்னொரு சுவரொட்டி, இன்னொரு தேர்வு. அறிவு தேவையில்லை என்று நான் சொல்லவில்லை. ஆனால் தெரிந்தவரே செய்யவில்லை என்றால், அவரிடம் மீண்டும் பாடம் ஒப்பிக்கச் சொல்வதில் என்ன பயன்? வார்டின் குழாயில் தண்ணீர் வருகிறதா, கையுறைப் பெட்டி எந்த அலமாரியில் பூட்டிக் கிடக்கிறது, அதன் சாவி யாரிடம் இருக்கிறது, ஒரு பயிற்சி மருத்துவர் எத்தனை மணி நேரமாகத் தூங்கவில்லை என்ற கேள்விகளையும் கேட்டாக வேண்டும்.

வியன்னாவின் இரண்டு பிரிவுகள்

தொற்றுக் கட்டுப்பாட்டின் வரலாறு மருத்துவ மாணவர்களிடமிருந்தே தொடங்குகிறது என்பதைப் பலர் கவனிப்பதில்லை.

19-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் வியன்னா பொது மருத்துவமனையின் இலவச மகப்பேறு மனை இரண்டு பிரிவுகளாக இயங்கியது. முதல் பிரிவில் மருத்துவ மாணவர்கள் பயிற்சி பெற்றனர். இரண்டாவதில் மருத்துவச்சிப் பணிக்கான மாணவிகள் பயிற்சி பெற்றனர். 1846-ஆம் ஆண்டில் முதல் பிரிவில் நடந்த 4,010 பிரசவங்களில் 459 தாய்மார்கள் இறந்தனர். இரண்டாம் பிரிவில் 3,754 பிரசவங்களில் இறந்தோர் 105 பேர். முதலாவதில் நூற்றுக்குப் பதினொருவருக்கும் மேல். இரண்டாவதில் நூற்றுக்கு மூவருக்கும் குறைவு. கட்டடம் ஒன்று, ஊர் ஒன்று, வந்த பெண்களும் ஒரே வர்க்கத்தினர். இந்த வேறுபாட்டை நகரத்து ஏழைப் பெண்கள் அறிந்திருந்தனர். முதல் பிரிவில் சேர்க்க வேண்டாம் என்று மன்றாடினர்.

அங்கே உதவி மருத்துவராக இருந்த ஹங்கேரியரான இக்னாஸ் செம்மல்வைஸ் இதற்குக் காரணம் தேடினார். 1847 மார்ச்சில் அவருடைய நண்பர் பேராசிரியர் யாகோப் கோலெட்ஷ்கா இறந்தார். பிரேதப் பரிசோதனையின்போது மாணவர் ஒருவரின் கத்தி அவர் விரலில் பட்டிருந்தது. அவருடைய உடலில் காணப்பட்ட மாற்றங்கள், பிரசவக் காய்ச்சலில் இறந்த தாய்மார்களின் உடலில் கண்டவற்றையே ஒத்திருந்தன. மாணவர்கள் பிணவறையில் சடலங்களை அறுத்துவிட்டு நேராக மகப்பேறு வார்டுக்கு வந்து பெண்களைப் பரிசோதிக்கின்றனர். மருத்துவச்சி மாணவிகளுக்குப் பிணவறையில் வேலை இல்லை. விடை அங்கே இருந்தது. குளோரின் கலந்த சுண்ணாம்புக் கரைசலில் கை கழுவிய பிறகே வார்டுக்குள் நுழைய வேண்டும் என்று அவ்வாண்டு மே மாதம் விதி வகுத்தார். 1848-இல் முதல் பிரிவில் 3,556 பிரசவங்களில் இறந்தோர் எண்ணிக்கை 45 ஆகக் குறைந்தது.

இத்தனை தெளிவான கணக்கு இருந்தும் மேலிடத்து மருத்துவர்களில் பலர் அதை ஏற்கவில்லை. மருத்துவரின் கையே மரணத்தைக் கொண்டு செல்கிறது என்பதை ஒப்புக்கொள்ள அவர்களுக்கு மனம் வரவில்லை. 1849-இல் செம்மல்வைஸின் பணி நீட்டிக்கப்படவில்லை. 1865-இல் மனநலக் காப்பகம் ஒன்றில் அவர் இறந்தார்.

இந்த வரலாற்றிலிருந்து இரண்டு செய்திகளை எடுத்துக்கொள்ளுங்கள். முதலாவது, பயிற்சி பெறுபவர் தொற்றைச் சுமந்து செல்பவராகவும் அதற்குப் பலியாகக் கூடியவராகவும் இருக்கிறார். எல்லா வார்டுகளுக்கும் அவர்தான் ஓடுகிறார். இரத்தம் எடுப்பதும், குழாய் செருகுவதும், புண்ணுக்குக் கட்டுப் போடுவதும் அவரே. இரண்டாவது, அந்த இலவச மனையில் பிரசவம் பார்த்துக்கொண்ட பெண்கள் பணம் செலுத்தவில்லை. மாணவர்கள் கற்றுக்கொள்வதற்குத் தம் உடலைத் தந்தார்கள். நம் அரசு மருத்துவமனைகளிலும் நிலை அதுதான். நீங்களும் நானும் தொழில் கற்றது கூலித் தொழிலாளியின் உடலில், விவசாயியின் உடலில். வசதி படைத்தவர் பயிற்சி மருத்துவரின் கைக்கு எளிதில் வருவதில்லை. எனவே உங்கள் கை தூய்மையாக இல்லாவிட்டால் அதன் விலையை யார் கொடுக்கிறார் என்பதும் தெளிவு.

உலக சுகாதார நிறுவனம் 2022 மே மாதம் வெளியிட்ட அறிக்கையின்படி, உடனடி சிகிச்சை மருத்துவமனைகளில் சேரும் 100 பேரில், பணக்கார நாடுகளில் 7 பேருக்கும், குறைந்த, நடுத்தர வருவாய் நாடுகளில் 15 பேருக்கும் மருத்துவமனையிலேயே ஏதேனும் ஒரு தொற்று ஏற்படுகிறது. அவ்வாறு தொற்றுக்கு ஆளாகிறவர்களில் சராசரியாகப் பத்தில் ஒருவர் இறக்கிறார். நோய் தீர வந்த இடத்தில் புதிய நோய் வாங்கிச் செல்வது, நம் போன்ற நாடுகளில் இரு மடங்குக்கும் அதிகம்.

சென்னையில் ஒரு மாணவி

இனி நம் அருகில் நடந்த ஒன்றைப் பார்ப்போம். 1985-86 காலத்தில் சென்னை மருத்துவக் கல்லூரியில் நுண்ணுயிரியல் முதுநிலை மாணவியாக இருந்தவர் நிர்மலா. அவருடைய பேராசிரியர் சுனிதி சாலமன் அவருக்கு ஓர் ஆய்வுப் பொருளைக் கொடுத்தார்: சென்னையில் எய்ட்ஸ் கிருமி இருக்கிறதா என்று தேடுவது. இந்தியாவில் அந்நோய் கிடையாது, அது மேலைநாட்டு ஒழுக்கக்கேட்டின் விளைவு என்று பலர் பேசிக்கொண்டிருந்த காலம் அது.

நிர்மலா பாலியல் தொழிலாளர்கள் அடைத்து வைக்கப்பட்டிருந்த காப்பகத்துக்குச் சென்று இரத்த மாதிரிகள் எடுத்தார். கையுறை இல்லை, வேறு எந்தப் பாதுகாப்புச் சாதனமும் இல்லை. மாதிரிகளைத் தம் வீட்டுக் குளிர்பதனப் பெட்டியில் வைத்துப் பாதுகாத்தார். அன்று சென்னையில் அதற்கான பரிசோதனை வசதி இல்லாததால் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரிக்கு அவற்றை எடுத்துச் சென்றனர். ஆறு மாதிரிகளில் கிருமித் தொற்று உறுதியாயிற்று. 1986-இல் அச்செய்தி தமிழ்நாடு சட்டமன்றத்தில் அறிவிக்கப்பட்டது. இந்தியாவில் எச்.ஐ.வி. இருப்பது இப்படித்தான் உலகுக்குத் தெரிந்தது.

இந்தக் கண்டுபிடிப்பை நாம் பெருமையாகப் பேசுகிறோம். பேச வேண்டியதுதான். ஆனால் நாட்டின் பொது சுகாதாரத்தையே மாற்றிய ஓர் ஆய்வை ஒரு பயிற்சி மாணவி வெறுங்கையோடு செய்ய வேண்டியிருந்தது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அவருக்கு அறிவு குறைவு என்று யாரும் சொல்ல முடியாது. நுண்ணுயிரியல் படித்தவர், தேடுவது என்ன கிருமி என்று அறிந்தவர். கையுறைதான் இல்லை. பயிற்சி பெறுபவரின் துணிச்சலைக் காட்டி நிறுவனத்தின் இல்லாமையை மூடிவிடும் பழக்கம் நம்மிடம் நீண்ட காலமாக இருக்கிறது.

தீட்டும் தொற்றும்

எச்.ஐ.வி. பரவிய பிறகுதான் தொற்றுக் கட்டுப்பாட்டில் ஓர் அடிப்படையான கொள்கை உருவாயிற்று. அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் 1987-இல் வகுத்த பொது முன்னெச்சரிக்கை விதிகளும், 1996-இல் அவற்றை விரிவாக்கிய நிலையான முன்னெச்சரிக்கை விதிகளும் சொல்வது இதுதான்: எந்த நோயாளியின் இரத்தத்தையும் உடல் நீரையும் தொற்று உள்ளதாகவே கருதி நடந்துகொள்ள வேண்டும். அவர் யார், எந்தத் தொழில் செய்பவர், பரிசோதனை முடிவு என்ன என்று பார்த்துப் பாதுகாப்பை மாற்றக் கூடாது.

இதை மேல்கோட்டையில் நின்று பேசும்போது ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. இராமானுசர் தமிழ்நாட்டிலிருந்து வந்து தங்கிய ஊர் இது. இன்றும் தமிழ் பேசும் குடும்பங்கள் இங்கே உண்டு. தீண்டப்படாதோர் என்று ஒதுக்கப்பட்ட மக்களைத் திருக்குலத்தார் என்று அழைத்து, ஆண்டில் சில நாட்கள் அவர்கள் கோயிலுக்குள் வர அவர் வழிசெய்தார் என்பது இவ்வூர் மரபு. அந்தக் காலத்தில் அது பெரிய காரியம். ஆனால் சில நாட்களுக்கு மட்டும் என்ற வரம்பும் அதில் இருந்தது.

தீட்டு என்ற எண்ணம் ஆளைப் பார்க்கிறது. இன்னார் தொட்டால் அழுக்கு, இன்னார் தொட்டால் அழுக்கில்லை என்று பிறப்பை வைத்துப் பிரிக்கிறது. தொற்று பற்றிய அறிவியல் செயலைப் பார்க்கிறது. இந்தச் செயலில் இரத்தம் தெறிக்குமா, இருமலில் துளிகள் வருமா என்று மட்டுமே கேட்கிறது. முதலாவது மனிதரை விலக்கச் சொல்கிறது. இரண்டாவது மனிதரை அச்சமின்றித் தொடுவதற்கு வழி சொல்கிறது.

ஆனால் நம் வார்டுகளில் நடப்பது என்ன? கட்டில் அட்டையில் எச்.ஐ.வி. என்றோ மஞ்சள் காமாலைக் கிருமி என்றோ குறிப்பிருந்தால் இரண்டு கையுறைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அணிகிறோம். அடுத்த கட்டிலில் பரிசோதனையே செய்யப்படாத நோயாளிக்கு வெறுங்கையோடு ஊசி போடுகிறோம். முதல் நோயாளியை அவமானப்படுத்துகிறோம். இரண்டாவது நோயாளியால் நமக்கும், நம்மால் அவருக்கும் ஆபத்தை வரவழைக்கிறோம். அறிவியலின் கையுறையை அணிந்துகொண்டு தீட்டைத்தான் கடைப்பிடிக்கிறோம்.

பழைய மைசூர் சமஸ்தானத்தின் வரலாற்றில் இதற்கு எதிரான ஒரு சான்றும் உண்டு. சென்னையில் மருத்துவம் படித்த டாக்டர் பல்புவுக்கு, ஈழவர் என்பதால் சொந்த நாடான திருவிதாங்கூர் அரசு வேலை தர மறுத்தது. மைசூர் அரசுதான் அவரைப் பணியில் அமர்த்தியது. 1898-இல் பெங்களூரில் பிளேக் பரவியபோது அந்நோயாளிகளிடையே நின்று பணிபுரிந்தவர் அவர். ஓர் அரசு தீண்டத்தகாதவர் என்று விலக்கிய கைகள் இன்னோர் அரசின் மக்களைக் கொள்ளை நோயிலிருந்து காக்க உழைத்தன.

ஓர் ஊசிக் குத்து

இப்போது என் சொந்த அனுபவம் ஒன்று. நான் பயிற்சி மருத்துவராக இருந்தபோது, இரவுப் பணியின் கடைசி நேரத்தில், இரத்தம் எடுத்த ஊசிக்கு மூடி போட முயன்று இடது சுட்டுவிரலில் குத்திக்கொண்டேன். மூடி போடக் கூடாது என்று அன்றே எனக்குத் தெரியும். ஆனால் ஊசியைப் போடுவதற்கான பெட்டி அந்த வார்டில் இல்லை. கையில் திறந்த ஊசியோடு நீண்ட நடையைக் கடந்து செல்ல வேண்டும். ஆகவே மூடினேன். மூத்தவரிடம் சொன்னபோது, "இதெல்லாம் எல்லோருக்கும் நடப்பதுதான், போய் வேலையைப் பார்" என்றார். பதிவேடு எதுவும் இல்லை. நான் யாரிடமும் மீண்டும் சொல்லவில்லை. ஆறு மாதம் ஒவ்வொரு காய்ச்சலுக்கும் பயந்துகொண்டிருந்தேன். எனக்கு ஒன்றும் ஆகவில்லை என்பது என் திறமையால் அல்ல.

உங்களுக்கு இது நேரக் கூடாது. நேர்ந்தால் என்ன செய்ய வேண்டும் என்பதைத் தெளிவாகச் சொல்கிறேன். குத்திய இடத்தைச் சோப்பும் ஓடும் நீரும் கொண்டு கழுவுங்கள். பிதுக்காதீர்கள், வாயில் வைத்து உறிஞ்சாதீர்கள். உடனே தெரிவியுங்கள், எழுத்தில் பதிவு செய்யுங்கள். எச்.ஐ.வி. தடுப்பு மருந்து தேவைப்பட்டால் இரண்டு மணி நேரத்துக்குள் தொடங்குவது சிறப்பு; 72 மணி நேரத்தைத் தாண்டக் கூடாது; 28 நாட்கள் தொடர வேண்டும். தொற்றுள்ள இரத்தம் பட்ட ஊசி குத்தினால் எச்.ஐ.வி. தொற்றும் வாய்ப்பு ஆயிரத்தில் மூன்று அளவே. ஹெபடைட்டிஸ்-சி கிருமிக்கு அது நூற்றுக்கு இரண்டு அளவில் இருக்கிறது. தடுப்பூசி போடாதவருக்கு ஹெபடைட்டிஸ்-பி தொற்றும் வாய்ப்பு நூற்றுக்கு 30 வரை செல்லக் கூடும். எச்.ஐ.வி.க்கு நடுங்கும் நாம், அதைவிடப் பல மடங்கு எளிதில் தொற்றும் ஹெபடைட்டிஸ்-பி கிருமிக்கு மூன்று தவணைத் தடுப்பூசியை முடிக்காமலேயே வார்டுக்குள் நுழைகிறோம். முதல் தவணை, ஒரு மாதத்தில் இரண்டாவது, ஆறாம் மாதத்தில் மூன்றாவது. முடித்த ஓரிரு மாதத்தில் எதிர்ப்புச் சக்தி உருவானதா என்று பரிசோதித்துக்கொள்ளுங்கள்.

இன்னும் சில நடைமுறைச் செய்திகள். கையுறை கை கழுவுவதற்கு மாற்றாகாது. கழற்றிய பிறகும் கழுவ வேண்டும். ஒரே கையுறையோடு அடுத்த கட்டிலுக்குச் செல்வதைவிட வெறுங்கையைக் கழுவிக்கொண்டு செல்வது நல்லது. சாராயம் கலந்த திரவம் எனில் 20 முதல் 30 வினாடி, சோப்பும் நீரும் எனில் 40 முதல் 60 வினாடி தேவை. காசநோயாளியின் வார்டில் என்-95 முகக்கவசம் உங்கள் முகத்தில் இருக்க வேண்டும். சாதாரண அறுவை முகக்கவசம் நோயாளியின் முகத்தில். மூக்கின் மேல் அழுத்திப் பொருத்தாத என்-95 கவசத்தால் பயனில்லை. கவச உடையை அணியும்போது அல்ல, கழற்றும்போதுதான் பெரும்பாலோர் கிருமியைத் தம் உடலில் தடவிக்கொள்கின்றனர். மிகுதியாக அழுக்கான கையுறை முதலில், முகக்கவசம் கடைசியில், இடையிடையே கைத் தூய்மை என்ற வரிசையைக் கைகளுக்குப் பழக்குங்கள்.

ஊசியை எங்கே போடுகிறோம் என்பது நம்மோடு முடிந்துவிடுவதில்லை. கூர்முனைகளுக்கு வெள்ளை நிறக் கெட்டிப் பெட்டி, கையுறை, குழாய் போன்றவற்றுக்குச் சிவப்புப் பை, இரத்தம் தோய்ந்த பஞ்சுக்கும் துணிக்கும் மஞ்சள் பை, கண்ணாடிக்கு நீலம் என்பது உங்களுக்கு மனப்பாடம். அவசரத்தில் மஞ்சள் பைக்குள் எறியப்படும் ஊசி, நள்ளிரவில் அந்தப் பையைத் தூக்கிச் செல்லும் ஒப்பந்தத் துப்புரவுத் தொழிலாளியின் தொடையில் குத்துகிறது. அவருக்குத் தடுப்பூசியும் போட்டிருக்காது, விடுப்பும் கிடைக்காது. நம் மருத்துவமனைகளில் பாதுகாப்புச் சாதனங்கள் மேலிருந்து கீழாகப் பங்கிடப்படுகின்றன. பேராசிரியருக்கு முதலில், துப்புரவுத் தொழிலாளிக்குக் கடைசியில். ஆபத்து எங்கே அதிகம் என்று பார்த்தால் அந்த வரிசை தலைகீழாக இருந்திருக்க வேண்டும்.

கொரோனா காட்டிய உண்மை

2020 மார்ச் 3 அன்று, பாதுகாப்புச் சாதனங்களின் உற்பத்தியை 40 சதவீதம் உயர்த்த வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் அறைகூவல் விடுத்தது. அந்த மாத இறுதியில் கொல்கத்தாவில் மருத்துவர்களுக்கு மழைக்கோட்டு வழங்கப்பட்டதும், ஹரியானாவில் ஒரு மருத்துவர் மோட்டார் சைக்கிள் தலைக்கவசம் அணிந்து நோயாளிகளைப் பார்த்ததும் செய்தியாயின. அவர்களில் யாருக்குப் பாடம் தெரியாமல் இருந்தது?

நம் தொழிலாளர்கள் சில வாரங்களில் அந்தக் குறையைச் சரிசெய்யத் தொடங்கினர். கவச உடைத் துணியில் இரத்தம் ஊடுருவுகிறதா என்ற சோதனை கோவையில் உள்ள தென்னிந்திய ஜவுளி ஆராய்ச்சிக் கழகத்தில் நடந்தது. பெங்களூரின் ஆயத்த ஆடைத் தொழிற்சாலைகள் நாட்டின் கவச உடை உற்பத்தியில் பெரும் பங்கை அளித்தன. மே மாதத்துக்குள் நாளொன்றுக்கு இலட்சக்கணக்கில் உடைகள் தயாராயின. முன்கூட்டியே திட்டமிட்டிருந்தால் மழைக்கோட்டு தேவைப்பட்டிருக்காது என்பதற்கு இதுவே சான்று.

அதே வேளையில் கர்நாடகத்தில் நடந்த கொள்முதலைப் பற்றி நீதிபதி ஜான் மைக்கேல் டி'குன்ஹா ஆணையம் 2024 ஆகஸ்ட் இறுதியில் தன் அறிக்கையை அளித்தது. தமிழ்நாட்டு முன்னாள் முதல்வர் ஜெயலலிதாவின் சொத்துக் குவிப்பு வழக்கில் 2014-இல் தீர்ப்பளித்த அதே நீதிபதிதான். உள்நாட்டில் குறைந்த விலைக்குக் கிடைத்த நிலையில், 3 இலட்சம் கவச உடைத் தொகுப்புகள் கூடுதல் விலைக்கு வெளிநாட்டிலிருந்து வாங்கப்பட்டதை ஆணையம் சுட்டிக்காட்டி, குற்ற நடவடிக்கைக்குப் பரிந்துரைத்தது. இது ஆணையத்தின் முடிவு; குற்றம் நிரூபிக்கப்பட வேண்டிய இடம் நீதிமன்றம். எனினும் கையுறைப் பெட்டியின் சாவியைத் தேடுகிற மாணவர், அந்தப் பெட்டி வாங்கப்படும் இடம் வரை கேள்வியைக் கொண்டு செல்ல வேண்டும் என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

2021 மே மாதம், இரண்டாம் அலையின் உச்சத்தில், முதுநிலை நீட் தேர்வு தள்ளிவைக்கப்பட்டது. பயிற்சி மருத்துவர்களையும் இறுதியாண்டு மாணவர்களையும் கொரோனா பணியில் ஈடுபடுத்த ஒன்றிய அரசு முடிவு செய்தது. 100 நாட்கள் பணி முடித்தால் அரசு வேலையில் முன்னுரிமை என்றது. மாணவர்கள் தயங்காமல் சென்றனர். ஆனால் அதற்கு முந்தைய செப்டம்பரில், கொரோனாவால் இறந்த சுகாதாரப் பணியாளர்களின் விவரம் தன்னிடம் இல்லை என்று இதே ஒன்றிய அரசு நாடாளுமன்றத்தில் கூறியிருந்தது. உடனே 382 மருத்துவர்களின் பட்டியலை இந்திய மருத்துவச் சங்கம் வெளியிட்டது. முதல் அலையில் மட்டும் 748 மருத்துவர்களை இழந்ததாக அச்சங்கம் பின்னர்த் தெரிவித்தது. செவிலியரும் துப்புரவுத் தொழிலாளரும் அந்தப் பட்டியலில் இல்லை. இறந்தவர்களை எண்ணாத அரசு, இருப்பவர்களைக் காக்கும் என்று எப்படி நம்புவது?

சிலிகுரியும் பேராம்பிராவும்

வேறு வழியே இல்லையா என்றால், உண்டு. 2001-இல் மேற்கு வங்கத்தின் சிலிகுரியில் நிபா பரவியபோது பாதிக்கப்பட்ட 66 பேரில் 45 பேர் இறந்தனர். பெரும்பாலோர் மருத்துவமனைப் பணியாளர்களும் அங்கு வந்து சென்றவர்களும்தான். நோய் என்னவென்றே அப்போது தெரியவில்லை.

2018 மே மாதம் கேரளத்தின் கோழிக்கோடு மாவட்டத்தில் நிபா வந்தது. பேராம்பிரா தாலுகா மருத்துவமனையில் முதல் நோயாளிகளைக் கவனித்த செவிலியர் லினி, நிரந்தரப் பணியில் இல்லாதவர், மே 21 அன்று உயிரிழந்தார். அரசுக் கணக்கின்படி 17 பேர் இறந்தனர். பிழைத்தவர்கள் இருவர், அவர்களில் ஒருவர் கோழிக்கோடு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் பயிற்சியில் இருந்த செவிலிய மாணவி. அந்தச் சிறிய பட்டியலிலும் ஒரு பயிற்சி மாணவி இருந்தார் என்பதை மறக்காதீர்கள்.

ஆனால் கேரளத்தில் கிருமி விரைவாகக் கண்டறியப்பட்டது. தொடர்பில் இருந்தோர் அனைவரும் தேடிக் கண்காணிக்கப்பட்டனர். தனி வார்டும் பாதுகாப்புச் சாதனங்களும் ஏற்பாடாயின. அடுத்த ஆண்டு எர்ணாகுளத்தில் ஒரு மாணவருக்கு நிபா வந்தபோது அவர் பிழைத்தார். அவரிடமிருந்து வேறு யாருக்கும் பரவவில்லை. 2023-இல் மீண்டும் கோழிக்கோட்டில் நோய் தலைகாட்டியபோது தனியார் மருத்துவமனைப் பணியாளர் ஒருவருக்குத் தொற்றியது என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. ஒருமுறை வென்றால் போதும் என்று இருந்துவிட முடியாத வேலை இது. ஆயினும் 2018-க்கும் 2019-க்கும் இடையில் அங்கே மனிதர்கள் மாறிவிடவில்லை, ஏற்பாடுகள்தான் மாறின.

என்ன கேட்க வேண்டும்?

நாம் கேட்க வேண்டியவற்றில் பெரும்பகுதி ஏற்கெனவே சட்டத்தில் இருக்கிறது. 2016-ஆம் ஆண்டின் உயிரி மருத்துவக் கழிவு மேலாண்மை விதிகள், கழிவைக் கையாளும் எல்லோருக்கும் ஹெபடைட்டிஸ்-பி, டெட்டனஸ் தடுப்பூசி போடுவதும், பாதுகாப்புச் சாதனம் தருவதும், பணியில் சேரும்போதும் பின்னர் ஆண்டுதோறும் பயிற்சியும் உடல் பரிசோதனையும் நடத்துவதும் மருத்துவமனையின் கடமை என்கின்றன. கடமை மருத்துவமனையுடையது, உங்கள் பையிலிருந்து தடுப்பூசிக்குப் பணம் செலவழிக்க வேண்டியதில்லை.

1992-ஆம் ஆண்டின் மத்திய உறைவிட மருத்துவர் திட்டம் நாளுக்கு 12 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம் என்று வரையறுத்தது. தேசிய மருத்துவ ஆணையம் அமைத்த பணிக்குழு 2024-இல் வாரம் 74 மணி நேரத்தைத் தாண்டக் கூடாது என்று பரிந்துரைத்தது. 32 ஆண்டுகளில் கோரிக்கை எந்தத் திசையில் நகர்ந்திருக்கிறது என்று பாருங்கள். 30 மணி நேரம் தொடர்ந்து விழித்திருப்பவரின் கையில் இருக்கும் ஊசி, அவருக்கும் நோயாளிக்கும் ஆபத்தானது. வேலை நேரம் பற்றிய கோரிக்கை ஆகவே தொற்றுக் கட்டுப்பாட்டுக் கோரிக்கையே.

உங்கள் கல்லூரிகளுக்குத் திரும்பியதும் ஐந்து செய்திகளைக் கேளுங்கள். ஒவ்வொரு வார்டிலும், கை எட்டும் தூரத்தில், நீரும் சோப்பும் கைத் தூய்மைத் திரவமும் இருக்க வேண்டும். கையுறையும் என்-95 முகக்கவசமும் இரவிலும் பூட்டப்படாத இடத்தில் இருக்க வேண்டும். ஒவ்வொரு கட்டில் வரிசைக்கும் ஊசிப் பெட்டி வேண்டும். ஊசிக் குத்தைத் தெரிவிப்பவரைத் திட்டாத, 24 மணி நேரமும் மருந்து தருகிற ஓரிடம் வேண்டும். மருத்துவமனையின் தொற்றுக் கட்டுப்பாட்டுக் குழுவில் பயிற்சி மாணவர்களுக்கும் செவிலியருக்கும் துப்புரவுத் தொழிலாளருக்கும் இடம் வேண்டும்.

இவற்றைத் தனியாகக் கேட்டால் "உன் இன்டர்ன்ஷிப் முடிய வேண்டாமா?" என்ற பதில் வரும். எனக்கும் வந்தது. எனவே சேர்ந்து கேளுங்கள். மாணவர் சங்கம் மட்டும் போதாது. உங்கள் வார்டின் செவிலியரையும், குப்பை எடுக்கும் அம்மாவையும், ஒப்பந்தத் தொழிலாளர் சங்கத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். உங்களுக்குக் கிடைத்த கையுறை அவர்களுக்குக் கிடைக்கவில்லை என்றால் உங்கள் கோரிக்கை நிறைவேறவில்லை என்று கொள்ளுங்கள்.

அதுவரை நம் கையில் இருப்பதையாவது ஒழுங்காகச் செய்வோம். நாளை காலை வார்டுக்குள் நுழையும்போது குழாயில் தண்ணீர் வந்தால் கை கழுவுங்கள். வராவிட்டால், அன்றைக்கே அதை ஒரு தாளில் எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுத்துவிட்டு, கையொப்பமிட்ட நகல் ஒன்றை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த முறை இதே கேள்விகளை நான் கேட்கும்போது இரண்டாவது கேள்விக்கும் எல்லாக் கைகளும் உயர வேண்டும்.